பொலியோ பொலி: களத்துமேட்டில் பிறந்த மங்கலச் சொல்

ஆலய விழா அழைப்பிதழ்களிலும் கும்பாபிஷேக விஞ்ஞாபனங்களிலும் தவறாமல் இடம்பெறும் சொல் ஒன்று உண்டு. திருப்பணிகள் யாவும் நிறைவுற்று ஆலயம் "புதுப்பொலிவுடன்" விளங்குகின்றது என்று அச்சிடுவார்கள். வர்ணம் பூசிய கோபுரத்தையும் புதிதாகப் பதித்த தரையையும் மனதில் கொண்டு அடியார்கள் அதைப் படித்துவிட்டுக் கடந்து போய்விடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் நெல் மணக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பொலிவு என்பது பொலி என்னும் சொல்லிலிருந்து கிளைத்தது. பொலியோ உழவனின் களத்துமேட்டில் வாழ்ந்த சொல்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வயது முதிர்ந்த தாய்மார் சிலருக்கு இன்னும் இச்சொல் தெரியும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு "பொலி" தெரியும். ஆனால் பாட்டி சொல்லும் பொலியும் பேத்தி சொல்லும் பொலியும் ஒன்றல்ல. ஒன்று கும்பிட்டுச் சொல்லும் சொல். மற்றது கேட்டாலே வயிறு கலங்கும் சொல். ஒரே சொல் எவ்வாறு இரண்டாயிற்று என்பதை அறிந்துகொள்வது ஆலயத்துக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நன்மை தரும்.

சொல்லும் பொருளும்

பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல், விளங்குதல் என்று பொருள். நெற்கதிரை அடித்து, தூற்றி, களத்தின் நடுவில் குவித்த தானியத்துக்குப் பொலி என்று பெயர். பதர் போக நெல்லைக் காற்றில் பிரிப்பதைப் பொலி தூற்றுதல் என்பர். பசுக்களைப் பெருகச் செய்வதற்கென்று வளர்க்கும் காளை பொலிகாளை. முகத்தில் தோன்றும் நிறைவு பொலிவு. கொடுத்த பொருளுக்கு மேலாக வந்து சேரும் ஊதியம் பொலிசை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கருத்து ஒன்றே. உள்ளது குறையாமல் மேலும் வளர வேண்டும் என்பதே அது.

இச்சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்திலும் துளுவிலும் பெருக்கம் என்ற பொருளில் இது வழங்குகின்றது. கேரளத்தில் விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்ல நேர்ந்தால் "விளக்கு பொலிஞ்ஞு" என்பார்கள். அணைந்ததைச் சொல்வதற்கே பெருக்கத்தின் சொல்லைப் பயன்படுத்தும் மங்கல வழக்கு இது. தமிழ் வீடுகளிலும் விளக்கை "அணை" என்று சொல்லாமல் "அமர்த்து" என்றும் "குளிர வை" என்றும் சொல்லும் பழக்கம் இருக்கின்றதல்லவா? பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் தகுதி வழக்கை மூன்றாக வகுத்து, மங்கலம் என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கின்றது. நல்லதல்லாததையும் நல்ல சொல்லால் சொல்வது அந்த வழக்கு. அந்த மங்கலச் சொற்களுள் தலையாயதாகக் களத்துமேட்டில் வாழ்ந்தது பொலி.

களம் ஓர் ஆலயம்

நெற்களத்தில் நடந்தவற்றை வரிசையாக எண்ணிப் பார்த்தால் அது ஒரு பூசை போலவே தோன்றும்.

முதலில் நிலத்தைச் செதுக்கிச் சமன்செய்து சாணமிட்டு மெழுகுவார்கள். கோயில் திருமுற்றத்தை மெழுகுவது போன்ற வேலை இது. மெழுகிய களத்தில் செருப்புக் காலுடன் ஏறுவதில்லை. அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகளைக் கொண்டுவந்து தலையடி அடிப்பார்கள். தாளில் ஒட்டியிருக்கும் மிச்ச மணிகளை உதிர்ப்பதற்கு மாடுகளைப் பிணைத்து வைக்கோலின் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். பின்னர் வைக்கோலை உதறி ஒதுக்கிவிட்டு, காற்று வரும் திசை பார்த்து நின்று சுளகில் அள்ளிய நெல்லை உயரத்திலிருந்து சரியவிடுவார்கள். பதர் பறந்து தூரப் போகும். கனத்த மணி காலடியில் விழும். வாழ்க்கையில் எது நிற்கும், எது பறக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

குவிந்த நெல்லின் மேல் சாணத்தில் பிடித்த பிள்ளையாரை வைத்து அறுகம்புல் சாத்துவார்கள். கற்பூரம் காட்டிக் கும்பிட்ட பிறகே அளக்கத் தொடங்குவார்கள். அளப்பவர் கிழக்கையோ வடக்கையோ நோக்கி அமர்ந்து மரக்காலை நெல்லில் அமிழ்த்தும்போது "பொலியோ பொலி" என்ற குரல் எழும். முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணுவதில்லை. "லாபம்" என்று சொல்லி, அடுத்ததைத்தான் "இரண்டு" என்பார்கள். பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். கலம் கலமாக அளந்து முடியும் வரை, தீர்ந்தது, போதாது, இல்லை என்ற சொற்கள் அந்த இடத்தில் வரலாகாது.

இலங்கையில் வன்னியிலும் மட்டக்களப்பிலும் கதிர்க்கட்டுகளைச் சூடாக அடுக்கி வைத்துப் பின்னர் மாடுகளால் சூடு மிதிப்பித்த காலத்தில், களத்துக்கென்றே தனியான பேச்சு இருந்தது. வெளியில் வழங்கும் பெயர்களைக் களத்துக்குள் சொல்லாமல் வேறு பெயர்களைச் சொல்வார்கள். சிங்கள விவசாயிகளின் "கமத" எனப்படும் களத்திலும் இதே வழக்கு இருந்தது. ஊருக்குள் "வீ" எனப்படும் நெல்லைக் களத்தில் "பெத்த" என்றும், சூடு மிதிக்கும் மாடுகளை "அம்பருவன்" என்றும் சொல்வார்கள். சப்ரகமுவ மலைச்சரிவில் லயத்து வாசலில் நின்று பார்த்தால் கீழே பள்ளத்தாக்கில் தெரியும் கிராமத்து வயல்களில் பேசப்பட்ட பேச்சு அது. மேலே இருந்தவர்களின் முன்னோருக்கு ஒரு களத்துமொழி. கீழே இருந்தவர்களுக்கு ஒரு களத்துமொழி. மொழி வேறானாலும் நெல்லின் முன்னால் நாவை அடக்க வேண்டும் என்ற பயபக்தி இரண்டு மக்களுக்கும் பொதுவாகவே இருந்தது.

குவியல் யாருடையது?

பொலி என்று கூவியவர் எல்லோரும் பொலிக்கு உரியவராக இருந்தார்களா என்ற கேள்வி இங்கே எழத்தான் செய்யும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் குவியலை வீட்டுக்குக் கொண்டு செல்லுமுன் களத்திலேயே பல பங்குகள் பிரிக்கப்பட்டன. கோயிலுக்கு ஒரு பங்கு. கலப்பை செய்த தச்சருக்கும் கொழு அடித்த கொல்லருக்கும் பங்கு. சலவைத் தொழிலாளிக்கும் முடிதிருத்துபவருக்கும் நீர்பாய்ச்சியவருக்கும் காவல் காத்தவருக்கும் பங்கு. இந்தப் பங்குகளுக்குச் "சுதந்திரம்" என்றே பெயர். கேட்டுப் பெறும் பிச்சையாக அன்றி, உரிமையாகப் பெறும் கூறாக இருந்ததால் அப்பெயர் வந்தது. பொலியிலிருந்து பிறருக்குக் கொடுத்த பின்னரே மிச்சம் வீட்டுக்குரியது என்பது அக்காலத்து அறம். இது போற்றத்தக்கது.

ஆயினும் உழுது, நட்டு, அறுத்து, அடித்து, தூற்றிய பண்ணையாட்களுக்குக் கிடைத்தது மிகவும் சிறிய கூறு. நிலமும் குவியலும் வேறொருவருடையவை. தொண்டை வறளப் பொலி பாடிவிட்டு, மடியில் சில படி நெல்லுடன் இருட்டில் வீடு திரும்பிய குடும்பங்கள் ஏராளம். மழை பொய்த்த ஆண்டில் அந்தச் சில படியும் இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் போன்ற காலங்களில், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இத்தகைய குடும்பத்தினரே.

வந்த இடத்தில் அவர்களுக்கு வயல் இல்லை. முதலில் கோப்பி, அதன்பின் தேயிலை. சப்ரகமுவவின் தாழ்ந்த மலைகளில் இறப்பரும் சேர்ந்தது. நெல்லை விதைத்தும் அறுத்தும் பழகிய கைகள் கொழுந்து கிள்ளவும் பால் வெட்டவும் பழகிக்கொண்டன. உண்ணும் அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மூட்டையாகக் கப்பலில் வந்து, தோட்டத்துக் களஞ்சியத்தில் அளந்து கொடுக்கப்பட்டு, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நெல்லோடு வாழ்ந்த மக்கள் நெற்களத்தையே காணாத மக்களாகிவிட்டனர்.

ஆனாலும் அவர்கள் ஒன்றை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாரியம்மனைக் கொண்டுவந்தது போலவே பொலியையும் கொண்டுவந்தார்கள். மாரி என்றால் மழை. மழையைத் தாயென்று கும்பிடுகிறவர்கள் அந்த மழையால் விளையும் பொலியை மறப்பார்களா? மலைக்கு ஏறிய பெண்கள் நிரை பிடித்து நின்று, முதற் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போடும்போது "பொலியோ பொலி" என்று சொல்வது பழைய தலைமுறையின் வழக்கம். கிள்ளியது நெல்லன்று. விழுந்த இடம் களமன்று. அளக்கப் போவது மரக்காலன்று, மடுவத்துத் தராசு. அந்தத் தராசு காட்டும் நிறையிலும் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு போகும். இவ்வளவும் தெரிந்திருந்தும் முதற்பிடிக்குப் பொலி சொன்னார்கள். இறப்பர் மலையில் விடியற்காலையில் வெட்டுக்கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் மரத்தைத் தொடுபவர்களின் உள்ளத்தில் இருப்பதும் இதே பக்திதான்.

குவியல் தமக்குச் சொந்தமில்லை என்பதற்காக அவர்கள் மங்கலச் சொல்லைக் கைவிடவில்லை. விளைச்சல் எவர் கணக்கில் ஏறினாலும் விளையச் செய்பவள் அம்பாள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. உழைப்புக்குரிய கூலியைக் கேட்பது உரிமை. உழைப்பை வணங்கித் தொடங்குவது பண்பு. ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்பதில்லை.

கோயில் வளர்த்த பொலி

களத்திலிருந்து பொலி கோயிலுக்கும் சென்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பொலிசை, பொலியூட்டு என்ற சொற்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. கோயிலுக்கு ஒருவர் பொன்னோ காசோ கொடுத்தால் அதை அப்படியே செலவழித்துவிடமாட்டார்கள். ஊர்ச் சபையோ பிறரோ அந்த முதலைப் பெற்றுக்கொண்டு, அதன் பொலிசையை ஆண்டுதோறும் கோயிலுக்குச் செலுத்துவார்கள். முதல் அப்படியே நிற்கும். பொலிசையில் விளக்கு எரியும்; நிவேதனமும் விழாவும் நடக்கும்.

1010 ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இதன் கணக்குத் தெளிவாக இருக்கின்றது. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இன்றைய முறையில் சொன்னால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம். முதலாம் இராசராச சோழனின் பெருங்கோயிலே இதற்கு மேல் கேட்கவில்லை என்பதை அடியார்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இந்தக் கணக்குத் தேவைப்படும்.

இன்னோர் ஏற்பாடு இதைவிட அழகானது. ஒரு நந்தாவிளக்கு எரிவதற்கு 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். அவற்றை இடையர்கள் பொறுப்பேற்று மேய்த்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளப்பார்கள். கிழடாகும் ஆட்டையும் இறக்கும் ஆட்டையும் குட்டிகள் ஈடுசெய்யும். ஆகவே எத்தனை ஆண்டு சென்றாலும் ஆடு 96 ஆகவே இருக்கும். இவற்றைக் கல்வெட்டுகள் "சாவா மூவாப் பேராடு" என்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு என்பது பொருள். உலகில் சாகாத ஆடு ஏது? மந்தை பொலிவதால் அது சாகாததாயிற்று. மேய்ப்பவர் குடும்பமும் வாழ்ந்தது, ஆடும் பெருகியது, விளக்கும் எரிந்தது. ஒருவரும் அழியாமல் எல்லோரும் வளர்வதே பொலி என்பதற்கு இந்த ஆட்டு மந்தை சாட்சி.

வாசலுக்கு வந்த பொலி

சிங்கள மொழியில் வட்டிக்குப் "பொலிய" என்று பெயர். பெருக்கம், ஊதியம் என்ற அதே பொருளில் நிற்கும் சொல் அது. வங்கியில் வைக்கும் சேமிப்புக்குக் கிடைப்பதும் பொலிய, வட்டிக்காரரிடம் வாங்கிய கடனுக்குக் கட்டுவதும் பொலிய. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் இரு மொழியும் கலந்து பழகும் சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பொலிதான் பழக்கம்.

ஒரு தோட்டத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் பேச்சு இது. மாலையில் மலையிலிருந்து திரும்பிய பெண் முகம் கழுவக்கூட இல்லாமல் பர்ஸைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவி கேட்டாள்.

"என்னா புள்ள, சல்லிய எண்ணிக்கிட்டே இருக்க?"

"நாளைக்குப் பொலி கட்டணும் அப்பாயி. ஐநூறு ரூவா கொறயுது."

கிழவி உலக்கையை நிறுத்தினாள்.

"என்னாத்தக் கட்டணும்?"

"பொலி அப்பாயி. திருவிழாவுக்குப் பொலிக்கு வாங்குனமே, அந்தச் சல்லி."

"அடியே, பொலி கட்டுறதில்லடி. பொலி போடுறது. எங்க ஆத்தா மொதக் கொழுந்தக் கூடையில போடுறப்ப சொல்லும். நீ சொல்றதுக்குப் பேரு வட்டி. அதுக்குப் போயி அந்தப் பேர வைக்காத."

படிப்பறிவில்லாத அந்தத் தாய் சொன்னதில் பெரிய உண்மை அடங்கியிருக்கின்றது. போடுவதற்கும் கட்டுவதற்கும் உள்ள வேற்றுமை அது. களத்தின் பொலி மண்ணும் மழையும் உழைப்பும் சேர்ந்து தந்த பெருக்கம். ஒரு விதை நூறாகும்போது எவர் வயிற்றிலும் எதுவும் குறைவதில்லை. கடன்காரரின் பொலி ஒருவருடைய பானையிலிருந்து எடுத்து இன்னொருவருடைய பெட்டியில் போடும் பெருக்கம். அங்கே கூடுவது இங்கே குறைவதனால்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். பத்தாயிரம் ரூபாய்க்குத் தஞ்சைக் கோயிலின் வீதப்படி ஓராண்டுப் பொலிசை 1,250 ரூபாய். அதே பத்தாயிரத்தை மாதம் நூற்றுக்குப் பத்து என்று கைமாற்றாக வாங்கினால் ஓராண்டு வட்டி மட்டும் 12,000 ரூபாய். வாங்கியதைவிட வட்டி பெரியது. வாங்கிய பத்தாயிரமோ அப்படியே நிற்கின்றது. கோயிலில் முதல் நிற்பது விளக்கு எரிவதற்காக. இங்கே முதல் நிற்பது குடும்பம் எரிவதற்காக.

மலையக மக்களுக்குக் கடன் புதியதன்று. முன்னோரைக் கொண்டுவந்த கங்காணிமார் கொடுத்த முன்பணமே முதற் கடன். தோட்டம் மாற வேண்டுமானால் கடனைத் தீர்க்க வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவரை விடுவிக்கலாம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். ஒரு மனிதனின் விலையைக் கடதாசித் துண்டில் எழுதிய காலம் அது. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. சட்டம் ஒழித்த துண்டை லயத்து வாசலுக்குத் தாங்களே திரும்ப அழைத்துவருவது பேதைமை. வாரந்தோறும் கையொப்பமிடும் கடன் புத்தகத்துக்கும் அந்தத் துண்டுக்கும் அதிக தூரமில்லை.

நோய்க்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கூரைத் தகரத்துக்கும் கடன் வாங்கியவர்களைக் குறை கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. வருமானம் போதாத வீட்டில் அவசரம் வந்தால் வேறு வழியில்லாமல் போகலாம். ஆனால் மேலே சொன்ன பெண் எதற்காகக் கடன் வாங்கினாள்? திருவிழாவுக்காக. இதுதான் ஆலயத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் தலைகுனிந்து சிந்திக்க வேண்டிய இடம்.

அம்பாள் கேட்பது

திருவிழா நெருங்கும்போது தோட்டங்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டார் பெரிய உபயம் எடுத்தால் தாமும் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகின்றது. விருந்தாளிகளுக்குச் சமையல், பிள்ளைகளுக்குப் புத்தாடை, காவடிக்கு மேளம், வீட்டு வாசலில் மின்விளக்கு என்று செலவு வளர்கின்றது. மலரில் பெயர் அச்சாகும், ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள் என்ற ஆசையும் சேர்ந்துகொள்கின்றது. தேர் வீதி வந்து நின்ற மறுநாள் காலையில் கடன் வசூலிப்பவர் வந்து நிற்கின்றார். அம்பாள் ஊர்வலம் வந்த அதே வாசலில் அடுத்த ஆண்டுத் திருவிழா வரை அவர் வந்துகொண்டே இருப்பார்.

அன்னையின் திருமுன் வைக்கும் உபயம் எது? வைப்பவருடைய உழைப்பின் ஒரு கூறு. பிறருக்கு வட்டி கட்டி வாங்கிய பணம் இன்னும் உழைக்காத உழைப்பு. வராத கொழுந்தைக் கூடையில் போட்டதாகக் கணக்கெழுதுவது போன்றது அது. அதற்குப் பொலி சொல்ல முடியாது. களத்தில் குவியல் இல்லாதபோது எவரும் மரக்காலைத் தூக்கியதில்லை.

முன்னோர் முதற்பிடியைத்தான் தெய்வத்துக்கென்று எண்ணினார்கள். முழுக் கூடையையும் எவரும் கேட்கவில்லை. அரிசி களையும்போது ஒரு பிடியை எடுத்துப் பிடியரிசிப் பானையில் போட்டு வைத்து, பானை நிறைந்ததும் கோயிலில் சேர்ப்பது பல ஊர்களில் இருந்த வழக்கம். நாளுக்கு ஒரு பிடி என்றால் வீட்டுக்குக் குறைவு தெரியாது. நாற்பது வீட்டுப் பிடி சேர்ந்தால் அன்னதானத்து அண்டா நிறையும். அந்த அண்டாவுக்கு முன்னால் பெரிய உபயகாரர், சிறிய உபயகாரர் என்ற பேதமும் இல்லை. எல்லோருடைய அரிசியும் ஒன்றாக வெந்து, எல்லோருடைய இலையிலும் ஒன்றாக விழும். திருவிழாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பு கடன் தேடி அலைவதைவிட, ஓராண்டுக்கு முன்பே பானையை எடுத்து வைப்பது மேலானது.

ஆலயங்களை நடத்துவோருக்கும் இதில் கடமை உண்டு. உபயத் தொகையைக் குடும்பங்களின் சக்திக்கு மேல் வைக்கலாகாது. கொடுத்தவர் பெயரைப் பெருமையாகச் சொல்லும் ஒலிபெருக்கி, கொடுக்க இயலாதவரின் வீட்டிலும் கேட்கிறது என்பதை மறக்கலாகாது. வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் அடியார்கள் முன்னிலையில் வாசிக்க வேண்டும். வசதியுள்ளவர் தரும் பெரிய நன்கொடை ஒன்றையேனும் செலவழிக்காமல் வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, அதன் வருமானத்தில் மட்டும் அம்பாளின் தூண்டாமணி விளக்கை எரிக்கலாம். அதுவே இந்தக் காலத்துச் சாவா மூவாப் பேராடு. அந்த விளக்கின் வெளிச்சத்தில் எந்தக் குடும்பத்தின் கண்ணீரும் இராது.

வீடுகளிலும் ஒரு சிறு காரியம் நடக்க வேண்டும். மூத்த தாய்மார் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பொலி என்ற சொல்லின் பழைய பொருளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தைப்பொங்கலன்று பானை பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று குரல் கொடுக்கும் பிள்ளைகள், அரிசியைப் பானையில் இடும்போது "பொலியோ பொலி" என்றும் சொல்லட்டும். கொழுந்து மலைக்குப் போகும் பெண்ணும், கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போகும் இளைஞனும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தங்கையும் சம்பளம் கைக்கு வந்ததும் முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றி, பொலி சொல்லி, ஒரு கூறைச் சேமிப்பென்று எடுத்து வைக்கட்டும். களம் இல்லாத இடத்திலும் பொலி உண்டு என்று முன்னோர் தேயிலை மலையில் காட்டிக் கொடுத்திருக்கிறார்களே!

கும்பாபிஷேகம் முடிந்து கோபுரத்துக்குப் பூசிய வர்ணம் பன்னிரண்டு ஆண்டுக்குள் மங்கிவிடும். மறுபடியும் திருப்பணி வேண்டும். ஆலயத்தின் உண்மையான புதுப்பொலிவு அந்த வர்ணத்தில் இல்லை. அம்பாளைக் கும்பிட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பும் குடும்பத்தின் அரிசிப் பானையில் இருக்கிறது. அந்தப் பானை நிறைந்திருந்தால் கோயில் பொலிந்திருக்கிறது. அது காலியாக இருந்தால் எத்தனை விளக்கு எரிந்தாலும் அங்கே இருள்தான்.

மாரியாய்ப் பொழிந்து மண்ணைக் குளிர்விக்கும் அன்னையின் திருவருளால் மலையும் வயலும் செழிக்கட்டும். மேலே கொழுந்து கிள்ளுவோரும் கீழே நெல் அறுப்போரும் பகையின்றி வாழட்டும். ஒவ்வொரு வீட்டிலும் கடன் குறைந்து களஞ்சியம் நிறையட்டும்.

பொலியோ பொலி! பொலியோ பொலி!

சுபம்.